‘பிறகு’ என்று அமத்தியும் போகாத அப்டேட்: அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

"கல்லடிப் பாலத்தடியில மீன் பாடுறதெண்டாலும் பறுவத்துக்குப் பறுவந்தான் பாடும் தம்பி. இந்தச் சாமான் விடிஞ்சாலும் பாடுது, பொழுதுபட்டாலும் பாடுது."

மட்டக்களப்பில் போன் திருத்தும் என் மேசையில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தன் போனை வைத்துவிட்டுச் சொன்னது இது. பறுவம் என்றால் முழுநிலா நாள். நாலு மாதமாக ‘பிறகு’, ‘பிறகு’ என்று அமத்திக் களைத்துப்போயிருந்தார். "இந்த அப்டேட்ட ஒரேயடியா நிப்பாட்டித் தாங்க" என்பதுதான் கேள்வி.

திறந்து பார்த்தேன். அவருடைய கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். ஒன்று, போன் கம்பனியின் உண்மையான அப்டேட். போனில் இடமில்லாததால் ஒவ்வொரு இரவும் ஏறப் பார்த்து, ஏலாமல், காலையில் திரும்பவும் வந்து நின்றது. மற்றது வட்ஸ்அப். மூன்றாவது, எப்போதோ ராசிபலன் பார்க்கப் போன ஓர் இணையத்தளம் அனுப்பிக்கொண்டிருந்த பொய். மூன்றும் ஒரே ஆள் என்று நினைத்து மூன்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே கீழே உள்ளதை ஆட்கள் வந்து சொல்லும் முறைப்பாட்டின்படியே பிரித்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். மெனுப் பெயர்களை ஆங்கில மெனு உள்ள போனை வைத்துத்தான் சொல்கிறேன். மொடலுக்கு மொடல் ஒரு சொல் முன்பின்னாக இருக்கும்.

எல்லாருக்கும் முதல் வேலை: தட்டுவது யார்?

அறிவிப்பு வந்ததும் விரலால் தள்ளி எறியாதீர்கள். அதன்மேல் விரலை வைத்து இரண்டு செக்கன் அப்படியே பிடியுங்கள். அன்ட்ரொய்ட் போன் எதுவானாலும், அதை அனுப்பிய செயலியின் பெயர் தெரியும். ‘சொஃப்ட்வெயர் அப்டேட்’, ‘சிஸ்டம்’, ‘கூகிள் பிளே சேர்விசஸ்’ என்று இருந்தால் அது வீட்டுக்காரர். ‘பிளே ஸ்டோர்’ என்றோ வட்ஸ்அப், பேஸ்புக் என்றோ இருந்தால் அயலவர். ‘குரோம்’ அல்லது வேறொரு பிரவுசரின் பெயர் இருந்தால் அது தெருவில் போகிறவன். அவனுக்குக் கதவே திறக்க வேண்டாம். கீழே அவனுக்குத் தனிப் பகுதி உண்டு.

ஏற்கனவே தள்ளிவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. 2020 இல் வந்த அன்ட்ரொய்ட் 11 தொடக்கம் ‘நொட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி’ என்று ஒன்று உண்டு. செட்டிங்ஸில் நொட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குள் இருக்கும். சாம்சங்கில் ‘அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ்’ என்பதற்குள் போக வேண்டும். அதை ஒருமுறை ஓன் பண்ணிவிட்டால், பிறகு கடைசி 24 மணித்தியாலத்தில் வந்ததெல்லாம் அனுப்பியவர் பெயரோடு வரிசையாக நிற்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டதால் என்னிடம் வராமலே போன வாடிக்கையாளர்கள் உண்டு. பரவாயில்லை.

ஐபோன்காரருக்கு இது இலகு. உண்மையான அப்டேட் செட்டிங்ஸில் ‘ஜெனரல்’ என்பதற்குள் ‘சொஃப்ட்வெயர் அப்டேட்’ என்ற இடத்திலும் தெரியும். அங்கே இல்லையென்றால் அது பொய்.

"ஒவ்வொரு நாளும் புது சொஃப்ட்வெயர் ரெடி எண்டு வருது"

இது வீட்டுக்காரர். வாயை அடைக்க முதல், என்ன கேட்கிறார் என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வருவதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று பாதுகாப்புத் திருத்தம். அளவு சிறியது, பெரும்பாலும் சில நூறு எம்பிக்குள் முடிந்துவிடும். மற்றது அன்ட்ரொய்ட் 14 ஐ 15 ஆக்குவது போன்ற முழுப் பதிப்பு மாற்றம். அது ஜிபி கணக்கில் வரும், போனின் முகமே மாறும், சில வேளை பழக்கப்பட்ட பட்டனும் இடம்மாறும்.

திருத்தத்தை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்றால், 2015 இல் அன்ட்ரொய்டில் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்று ஓர் ஓட்டை வெளிப்பட்டது. எம்எம்எஸ் வழியாக வரும் ஒரு வீடியோ, நீங்கள் திறந்து பார்க்காமலே, போனுக்குள் புகுந்துவிடக்கூடிய ஓட்டை. அந்த ஆண்டு ஓகஸ்டில் இருந்துதான் கூகிள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. வங்கிச் செயலி உள்ள போனில் நான் இதை அந்தக் கிழமையே போட்டுவிடுவேன். முழுப் பதிப்பு மாற்றத்துக்கு அவசரமே இல்லை. ஒரு மாதம் பொறுத்தால், முதலில் போட்டவர்களின் ஒப்பாரியைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

சத்தத்தைக் குறைக்கும் வழி: சாம்சங்கில் செட்டிங்ஸ், ‘சொஃப்ட்வெயர் அப்டேட்’, அங்கே ‘ஓட்டோ டவுன்லோட் ஓவர் வைஃபை’ என்பதை ஓஃப் பண்ணுங்கள். ரெட்மியில் ‘அபவுட் போன்’ போய், மேலே சொஃப்ட்வெயர் பதிப்பு எழுதியிருக்கும் பெட்டியைத் தொட்டு, மூலையில் உள்ள மூன்று புள்ளிக்குள் போனால், தானாக டவுன்லோட் ஆவதற்கும் இரவில் தானாக ஏறுவதற்கும் சுவிட்ச் கிடைக்கும். ஐபோனில் ‘சொஃப்ட்வெயர் அப்டேட்’ என்பதற்குள் ‘ஓட்டோமேட்டிக் அப்டேட்ஸ்’. அதற்குள் டவுன்லோட் பண்ணுவது வேறு சுவிட்ச், நிறுவுவது வேறு சுவிட்ச்.

ஆனால் ஏற்கனவே இறங்கிவிட்ட அப்டேட் சுவிட்சை ஓஃப் பண்ணியதால் மட்டும் ஓயாது. ஐபோனில் அதை அழிக்கலாம்: ‘ஜெனரல்’, ‘ஐபோன் ஸ்டோரேஜ்’, கீழே பட்டியலில் ஐஓஎஸ் பெயரில் நிற்பதைத் தொட்டு ‘டிலீட் அப்டேட்’. ஒன்றரை மாதம் நச்சரித்த போன் அந்த நிமிடமே வாய்மூடும். இன்னொன்று, ஐபோன் ‘லேட்டர்’ என்று அமத்தியதும் பாஸ்கோட் கேட்டால் யோசித்துப் போடுங்கள். ‘இன்ஸ்டோல் டுநைட்’ என்பதற்கு நீங்கள் சம்மதம் கொடுக்கிறீர்கள், தள்ளிப்போடவில்லை. விடிய எழும்பிப் பார்த்துவிட்டு "நான் அமத்தவே இல்ல" என்று என்னிடம் சத்தியம் பண்ணியவர்கள் பலர்.

சாம்சங்கில் இறங்கிவிட்டதென்றால் மல்லுக்கட்ட வேண்டாம். ‘இன்ஸ்டோல் நவ்’ பக்கத்தில் நேரம் குறிக்கும் தெரிவு இருக்கும். நித்திரை கொள்ளும் நேரத்தைக் கொடுத்து, சார்ஜரில் போட்டுவிட்டுப் படுங்கள்.

‘டெவலப்பர் ஒப்ஷன்ஸ்’ என்ற மறைகதவையும் சிலர் கேட்டு வருவார்கள். ‘பில்ட் நம்பர்’ மேல் ஏழு தரம் தட்டினால் அது திறக்கும், உள்ளே ‘ஓட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்’ என்ற சுவிட்ச் இருக்கும். அது செய்வது, போனை ஓஃப் பண்ணி ஓன் பண்ணும்போது அப்டேட் தானாக ஏறாமல் தடுப்பது மட்டும். அறிவிப்பு அதன்பிறகும் வரும். கொம்பியூட்டரில் கேபிள் குத்தி அப்டேட் செயலியையே முடக்கும் வித்தையும் இருக்கிறது. காசு தந்தாலும் நான் செய்து கொடுப்பதில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு யார் முடக்கினது என்று மறந்துபோய் இன்னொரு கடையில் நின்று முழிப்பார்கள்.

"ஓம் எண்டு அமத்தினாலும் அடுத்த நாளும் அதையே கேக்குது"

அதிகம் வருவது இந்த முறைப்பாடுதான். இதில் குற்றவாளி அநேகமாக இடம்.

வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைப் பக்கத்தில் இருந்து ஒரு மாமி வருவார். எருமைத் தயிர்ச் சட்டிக்கு ஓடர் எடுப்பதெல்லாம் வட்ஸ்அப்பில். மண்முனைப் பாலத்தால் பஸ்ஸில் வந்து இறங்கி, சேலைத் தலைப்பில் சுற்றிய போனை எடுத்து நீட்டினார்.

"மனே, இது என்ன ஏசுற மாதிரிக் கிடக்கு. ஓம் எண்டு அமத்துறன். மறுகாவும் வந்து கேக்குது."

32 ஜிபி போன். அப்டேட் 900 எம்பி. மிச்சம் கிடந்த இடம் 700 எம்பி. போன் ஒவ்வொரு நாளும் தொடங்கும், இடம் போதாது என்று ஒரு மூலையில் சின்ன எழுத்தில் சொல்லும், நின்றுவிடும். அடுத்த நாள் எதுவுமே நடக்காத மாதிரி திரும்பக் கேட்கும். அந்தச் சின்ன எழுத்தை வாசிக்கும் கண்ணாடியை மாமி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

900 எம்பிக்கு 900 எம்பி இடம் இருந்தாலும் போதாது. இறக்கி வைக்க ஓர் இடம், அவிழ்த்துப் பரப்ப இன்னோர் இடம் வேண்டும். நெல் மூட்டையை வைக்கவும் காயப்போடவும் வேறு வேறு இடம் தேவை என்கிற மாதிரி. அப்டேட்டின் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு வெறுமையாக இருந்தால் பயமில்லை. முழுப் பதிப்பு மாற்றம் என்றால் நான் 8 ஜிபியாவது ஒதுக்கிவிட்டுத்தான் தொடங்குவேன்.

இடம் எடுக்கப் போட்டோக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்காதீர்கள். வட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா’, பிறகு ‘மனேஜ் ஸ்டோரேஜ்’. அங்கே பலமுறை ஃபோர்வர்ட் ஆனவை ஒரு கூடையிலும், 5 எம்பிக்கு மேற்பட்டவை இன்னொரு கூடையிலும் பிரித்தே கிடக்கும். மாமியின் போனில் முதல் கூடை முழுவதும் காலை வணக்கம்: ரோசாப்பூ, தேத்தண்ணிக் கோப்பை, சூரியன். இரண்டாவதில் கொக்கட்டிச்சோலைத் தேர். ஒரே தேர், ஒரே வீடியோ, ஏழு குழுவில் இருந்து ஏழு தரம் இறங்கியிருந்தது. கை வைத்தேன்.

"சாமிய அழிக்கிறயோ மனே?"

"ஒரு தேர வெச்சிட்டு ஆறத்தான் மாமி எடுக்கன்."

யோசித்துவிட்டுத் தலையாட்டினார். ஓடர் எடுத்த மெசேஜ் எதிலும் கைவைக்கவில்லை. படமும் வீடியோவும் மட்டும். கிட்டத்தட்ட 5 ஜிபி வந்தது.

இங்கே ஆட்கள் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. கலரியில் அழித்த போட்டோ உடனே அழியாது. சாம்சங்கில் ‘ட்ராஷ்’, ஐபோனில் ‘ரீசன்ட்லி டிலீட்டட்’ என்ற கூடையில் 30 நாள் கிடக்கும், இடத்தையும் பிடித்துக்கொண்டே கிடக்கும். அந்தக் கூடையையும் காலி பண்ணினால்தான் கணக்கு ஏறும். ஆயிரம் போட்டோ அழித்தும் இடம் கூடவில்லை என்று சொல்கிறவர்களுக்கு மருந்து இதுதான். பிறகு வட்ஸ்அப்பில் மீடியா தானாக இறங்குவதையும் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டுக்கும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த திருவிழாவுக்கு அதே ஏழு தேர் திரும்ப வரும்.

இடம் தாராளமாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்டால், பெட்டரியைப் பாருங்கள். சார்ஜ் குறைந்த போனில் அப்டேட் ஏறாது; பாதிக்கு மேல் ஏற்றி, சார்ஜரில் குத்தியபடி தொடங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் போனின் திகதியைப் பாருங்கள். திகதி பிழைத்த போனை அப்டேட் சேர்வர் நம்பாது.

"டவுன்லோட் பாதியில நிக்குது"

வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில், ஃபைபர் வைஃபை உள்ள வீட்டில் இந்தக் கதை குறைவு. வாவிக்கு அந்தப் பக்கம், டவர் தூரமான ஊர்களில், மகனின் போனில் ஹொட்ஸ்பொட் எடுத்துத் தாயின் போனுக்கு அப்டேட் போடப் பார்ப்பார்கள். ஹொட்ஸ்பொட்டை அன்ட்ரொய்ட் காசு கணக்குள்ள இணைப்பு என்று அடையாளம் கண்டுகொள்ளும். பெரிய டவுன்லோட்டை நிறுத்தி வைத்து, நல்ல வைஃபை வரட்டும் என்று காத்திருக்கும். நமக்கு வெறுமனே நிற்பது போலத் தெரியும். வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, ‘மீட்டர்ட்’ என்று இருப்பதை ‘அன்மீட்டர்ட்’ ஆக்குங்கள். ஓடத் தொடங்கும். ஆனால் அது மகனின் டேட்டா, கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இரவு டேட்டா தனியாக உள்ள பெக்கேஜ் என்றால் அந்த நேரத்துக்கு வைத்துவிடலாம்.

இதையே தலைகீழாகவும் பாவிக்கலாம். வீட்டு ரவுட்டரின் மாதக் கணக்கை அப்டேட்டுகள் தின்கின்றன என்றால், வீட்டு வைஃபையையே ‘மீட்டர்ட்’ என்று குறித்துவிடுங்கள். ஐபோனில் அதே வேலைக்கு ‘லோ டேட்டா மோட்’.

மாரியில் கரண்ட் போவது பற்றிப் பயந்து சிலர் அப்டேட் போடவே மாட்டார்கள். டவுன்லோட் நேரத்தில் கரண்ட் போனால் ரவுட்டர்தான் சாகும்; திரும்ப வந்ததும் பெரும்பாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் குரங்கு புகுந்து நாடே இருண்ட ஞாயிறு, என் மேசையில் மூன்று போன் டவுன்லோட்டில் கிடந்தன. மூன்றும் இரவு மிச்சத்தை முடித்தன. ஏறிக்கொண்டிருக்கும்போது போனின் பெட்டரியே தீர்ந்துபோவதுதான் ஆபத்து. ஆகவே மழை இருட்டிக்கொண்டு வரும் பின்னேரத்தில் 20 வீத சார்ஜில் தொடங்காதீர்கள், அவ்வளவுதான்.

"வட்ஸ்அப் காலாவதியாப் போச்சு எண்டு சொல்லுது"

வட்ஸ்அப் பதிப்புகளுக்கு ஆயுள் உண்டு. முடிந்ததும் உள்ளே விடாது. பிளே ஸ்டோரில் போய் அப்டேட் பண்ணினால் சரி. அங்கே ‘அப்டேட்’ பட்டனே இல்லை, ‘ஓப்பன்’ என்று மட்டும் இருக்கிறது, ஆனாலும் காலாவதி என்கிறதா? போனின் திகதியைப் பாருங்கள். சிம் இல்லாமல் பெட்டரி முற்றாக இறங்கிக் கிடந்த போன்களில் ஆண்டே மாறிப்போயிருக்கும். ‘ஓட்டோமேட்டிக் டேட் அன்ட் டைம்’ ஓன் பண்ணினால் இரண்டு நிமிட வேலை.

இரண்டாவது காரணம் கொஞ்சம் சங்கடமானது. யார் மெசேஜை அழித்தாலும் வாசிக்கலாம், நீல டிக்கை மறைக்கலாம் என்று பெடியள் ஏற்றித் தந்த, பிளே ஸ்டோரில் இல்லாத வட்ஸ்அப். அதற்கு அப்டேட் வருவது யாரோ ஒருவரின் தளத்தில் இருந்து. அதற்குள் என்ன இருக்கிறது என்று போட்டுத் தந்த பெடியனுக்கும் தெரியாது. வட்ஸ்அப் நிறுவனமே இப்படியான பிரதிகளைப் பாவிக்கும் கணக்குகளைத் தடை பண்ணுகிறது. அதை எடுத்துவிட்டு அசலைப் போடுங்கள். பழைய மெசேஜ் எல்லாம் கூடவே வரும் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுப்பதில்லை.

மற்றச் செயலிகளின் தொல்லைக்கு: பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், ‘நெட்வேர்க் பிரிஃபரன்சஸ்’, ‘ஓட்டோ அப்டேட் அப்ஸ்’. வைஃபையில் மட்டும் என்று வைத்தால் போதும்.

"போன்ல வைரஸ், உடன அப்டேட் பண்ணு எண்டு கத்துது"

சிவப்பு நிறம், எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும் கடிகாரம், உங்கள் போன் மொடலின் பெயர், சில வேளை அதிர்வும். தபால்காரரின் மூன்றாவது ஆள் இவன்தான். போன் மொடலைத் தெரிந்துவைத்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் பிரவுசர் போனைப் பற்றிய சில விபரங்களைச் சொல்லிவிடும்.

பக்கம் திறந்த நிலையில் கத்தினால் அந்தப் பக்கத்தை மூடுங்கள். ‘கான்சல்’ பட்டனையும் தொடாதீர்கள், அதுவும் படம்தான். பிரவுசர் மூடியிருக்கும்போதும் அறிவிப்பாக வந்தால், எப்போதோ ஒரு தளம் "அறிவிப்பு அனுப்பட்டுமா?" என்று கேட்க ‘அலோ’ என்று அமத்தியிருக்கிறீர்கள். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நொட்டிஃபிகேஷன்ஸ்’. அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் வெட்டுங்கள். தபால்காரரின் பட்டியலில் பதினாலு தளம் இருந்தது. செய்தித்தளம் இரண்டை மட்டும் விடச் சொன்னார்.

பிரவுசருக்கு வெளியே, முகப்புத் திரையையே மூடி விளம்பரம் வந்தால் போனுக்குள் ஒரு செயலி குடியிருக்கிறது. பவர் பட்டனைப் பிடித்து, வரும் ‘பவர் ஓஃப்’ என்பதையும் அமத்திப் பிடித்தால் பல போன்களில் ‘சேஃப் மோட்’ கிடைக்கும். அதில் நீங்கள் பிறகு ஏற்றிய செயலிகள் எதுவும் ஓடாது. தொல்லை நின்றால், ஆள் அவற்றில் ஒருவன்தான். கடைசியாக ஏற்றிய டோர்ச், கீபோர்ட், ‘கிளீனர்’ என்பவற்றில் இருந்து ஒவ்வொன்றாக எடுங்கள்.

மெசேஜில் லிங்க் அனுப்பி, வங்கிச் செயலிக்கு அப்டேட் என்று ஒரு ஃபைலை இறக்கச் சொன்னால் இறக்காதீர்கள். ஏற்கனவே இறக்கி நிறுவிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க நேரமில்லை. முதலில் போனை ‘ஃப்ளைட் மோட்’டில் போடுங்கள். இன்னொரு போனில் இருந்து, வங்கி அட்டையின் பின்னால் உள்ள இலக்கத்துக்கு அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவின் இலக்கம் 101. கடைக்கு வருவது அதற்குப் பிறகு.

"மச்சான்ட போனுக்கு வந்திட்டு, எனக்கு வரல்ல, வந்தாலும் ஏறுதில்ல"

கட்டாரில், சவூதியில் நின்றவர்கள் கொண்டுவரும் போன்கள் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒன்று உண்டு. சாம்சங் போன்களில் எந்த நாட்டுச் சந்தைக்கு என்று ஒரு குறியீடு பதிந்திருக்கும். அப்டேட் அந்தக் குறியீட்டின்படிதான் வரும். டோஹாவில் வாங்கிய போனுக்கும் மட்டக்களப்பு டவுனில் வாங்கிய அதே மொடலுக்கும் அப்டேட் ஒரே நாளில் வராது. பொறுத்திருப்பதுதான் வழி. இதற்காக ஆரையும் பிடித்து வேறு நாட்டு சொஃப்ட்வெயர் ஏற்ற வேண்டாம்.

இதைவிட மோசம், சீனச் சந்தைக்குச் செய்த போனில் வேறு சொஃப்ட்வெயர் ஏற்றி, கூகிளும் போட்டு, புதுப்பெட்டியில் வைத்து விற்பது. அப்டேட் வரும், ஏறாது. வலிந்து ஏற்றினால் லோகோவோடு நின்றுவிடும். போன வருசம் இப்படி ஒன்றை நானே வாங்கினேன், போன் திருத்துகிற எனக்கே தெரியவில்லை. விற்ற கடைக்காரர் "அப்டேட் போடாம வெச்சிருங்க" என்றார். இந்த ஒரு வகைப் போனுக்கு மட்டும் நானும் அதையே சொல்கிறேன்: தானாக டவுன்லோட் ஆவதை ஓஃப் பண்ணிவிட்டு, விலக்கி வையுங்கள்.

வெளிநாட்டுப் போன் என்றால் இன்னொரு வேலை. *#06# அடித்து, போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எடுத்து, ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் போன் இருக்கிறதா என்று பதில் வரும்.

"அப்டேட் போட்ட நாள்ல இருந்து பெட்டரி நிக்குதில்ல"

மூன்று நாள் பொறுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு போன் தன் செயலிகளை எல்லாம் உள்ளுக்குள் திரும்ப ஒழுங்குபடுத்தும். சூடாகும், சார்ஜ் இறங்கும். நாலாம் நாளும் அப்படியே என்றால் ‘பெட்டரி யூசேஜ்’ பார்த்து, மேலே நிற்கும் செயலியைப் பிடியுங்கள்.

அப்டேட் போட்டுப் போனைக் கொல்கிறான்கள் என்பது வெறும் கடைவாசல் கதையா என்றால், முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. 2017 இல் வந்த ஐஓஎஸ் 10.2.1, பெட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அப்பிள் அதை ஒப்புக்கொண்டு, பெட்டரி மாற்றும் விலையை 79 டொலரில் இருந்து 29 டொலராக இறக்கியது. 2018 ஒக்டோபரில் இத்தாலியின் போட்டி அதிகாரசபை அப்பிளுக்கு 10 மில்லியன் யூரோவும், நோட் 4 போனுக்குப் பாரமான அப்டேட்டைத் தள்ளியதற்காக சாம்சங்குக்கு 5 மில்லியன் யூரோவும் தண்டம் போட்டது. ஆகவே சந்தேகப்படுகிறவரைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. ஆனால் அந்த வழக்குகளில் பிரச்சினை பழைய பெட்டரியும் பழைய போனும் பெரிய பதிப்பைச் சுமந்ததில்தான். மூன்று வருசப் பெட்டரி என்றால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள். திரும்பப் பழைய பதிப்புக்குப் போவது அநேக போன்களில் நடக்காது, நடந்தாலும் உள்ளே இருப்பதெல்லாம் அழியும்.

"லோகோவோட நிக்குது"

அரை மணித்தியாலம் கைவைக்காதீர்கள். பிறகும் நின்றால், சாம்சங்கில் பவர் பட்டனையும் வொலியூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 10, 15 செக்கன் பிடித்து ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணுங்கள். எழும்பவில்லை என்றால் ‘வைப் டேட்டா’ என்று எங்கே கண்டாலும் அமத்த வேண்டாம். போட்டோ எல்லாம் போய்விடும். அந்த நிலையிலேயே கொண்டுவாருங்கள்.

"முந்தி வந்தது, இப்ப ஒண்டுமே வருதில்ல"

தொல்லை தானாக நின்றுவிட்டது என்று சந்தோசமாக வருவார்கள். ‘அபவுட் போன்’ அல்லது ‘சொஃப்ட்வெயர் இன்ஃபோமேஷன்’ போய், ‘செக்யூரிட்டி பட்ச் லெவல்’ என்ற இடத்தில் உள்ள, கடைசிப் பாதுகாப்புத் திருத்தத்தின் திகதியைப் பாருங்கள். இரண்டு வருசத்துக்கு முந்திய திகதி என்றால் கம்பனி அந்தப் போனைக் கைவிட்டுவிட்டது. பேச, பாட்டுக் கேட்க, பிள்ளைகள் காட்டூன் பார்க்க அது இன்னும் நல்ல போன்தான். வங்கிச் செயலியை மட்டும் அதில் இருந்து எடுத்துவிடுங்கள்.

புதிதாக வாங்கும்போது கமராவைக் கேட்கும் அளவுக்கு இதையும் கேளுங்கள். கூகிள் பிக்சல் 8 க்கு 2023 இலும், சாம்சங் எஸ்24 வரிசைக்கு 2024 இலும் ஏழு வருச அப்டேட் தருவதாக அறிவித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 இல் இருந்து, ஒரு மொடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து வருசம் அப்டேட் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பாவித்த போன் வாங்குகிறீர்களா, கடைக்காரர் பெட்டரி வீதத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே போனை வாங்கி அந்தப் பட்ச் திகதியைத் திறந்து பாருங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.